இரண்டாம் தடவை வேகமாக ஓடினால் நம்பாதீர்கள்

ஹட்டன் பக்கம் ஒரு தோட்ட ஆபீஸ். செக்ரோல் (ஆள் வருகைப் பதிவு), கொழுந்து நிறுவை, சம்பளம் எல்லாம் ஒரே சர்வரில், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில். கீழ் டிவிஷன் சம்பள அறிக்கை வர 40 விநாடி ஆனது. தேடலை வேகப்படுத்தும் அட்டவணையான ஓர் இண்டெக்ஸ் போட்டுத் திரும்ப ஓட்டினேன். ஒரு விநாடிகூட ஆகவில்லை. பெருமையாக ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு பஸ் ஏறினேன். டிக்கோயா தாண்டுவதற்குள் கிளாக்கரின் போன்: “தம்பி, மேல் டிவிஷனுக்கு அடிச்சா இன்னும் சுத்திக்கிட்டே இருக்கே!”

இண்டெக்ஸ் ஒன்றும் செய்யவில்லை. முதல் ஓட்டத்தில் டிஸ்க்கிலிருந்து வந்த பக்கங்கள், அதாவது தரவுத் துண்டுகள், ரேமில் தங்கிவிட்டன. பீலிக்கு இறங்கிப் போய்த் தண்ணீர் கொண்டுவருவது ஒன்று, அடுப்படிக் குடத்தில் மொண்டு குடிப்பது வேறு. நான் அளந்தது குடத்தை.

போஸ்ட்கிரெஸை மட்டும் ரீஸ்டார்ட் செய்தாலும் குடம் காலியாகாது. சர்வரை இயக்கும் லினக்ஸ் தன் பங்குக்கு ரேமில் ஒரு கேஷ் (படித்ததைச் சேர்த்து வைக்கும் இடம்) வைத்திருக்கிறது. அதையும் காலி செய்யுங்கள், அல்லது அன்று யாரும் தொடாத டிவிஷனை ஓட்டிப் பாருங்கள். சம்பள நாளில் மட்டும் கேஷைக் காலி செய்து விளையாட வேண்டாம். டிஸ்க் வேகத்தை டிடி கட்டளையால் அளப்பவர்களும் இதே குழியில்தான் விழுகிறார்கள்: சின்ன ஃபைலை வைத்துச் சோதித்தால் தெரிவது ரேமின் வேகம். ரேமைப் போல இரண்டு மடங்கு பெரிய ஃபைல் வேண்டும்.

அடுத்த தவறு, டிஸ்க்கின் வேலையைக் காட்டும் ஐஓஸ்டாட்டில் மெகாபைட்டை மட்டும் பார்ப்பது. விநாடிக்கு ஒரு மெகாபைட்கூட ஓடவில்லை, டிஸ்க் சும்மாதானே இருக்கிறது என்று நானும் நினைத்தேன். நிமிடத்துக்கு 7,200 சுற்று டிஸ்க் ஒருமுறை சுற்ற 8.3 மில்லிவிநாடி. ஊசி நகரும் நேரத்தையும் சேர்த்தால், சிதறிக் கிடக்கும் பக்கங்களில் விநாடிக்கு நூறு படித்தாலே பெரிய விஷயம். ஒரு பக்கம் 8 கிலோபைட். ஆக 40 விநாடிக்கு 4,000 பக்கம், வெறும் 32 மெகாபைட்! சும்மா இருக்கவில்லை, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. பார்க்க வேண்டியது அவெய்ட் என்ற காத்திருப்பு நேரத்தை.

ரேம் கணக்கைக் காட்டும் ஃபிரீ கட்டளையில் ‘ஃபிரீ’ குறைவாக இருந்தால் பயப்படாதீர்கள், ‘அவெய்லபிள்’தான் கணக்கு. அதைப் பார்க்காமல் போஸ்ட்கிரெஸின் சொந்தக் கேஷான ஷேர்ட் பஃபர்ஸுக்கு ரேமில் முக்கால்வாசியைத் தூக்கிக் கொடுப்பதும் வழக்கமான தவறு. கால்வாசியில் தொடங்கினால் போதும்.

எழுதும் வேகம் போதவில்லை என்று, எழுதியது டிஸ்க்கில் சேர்ந்ததை உறுதிசெய்யும் எஃப்சிங்கை நிறுத்தச் சொல்லும் ஆட்களும் உண்டு. மழைக்கு மின்சாரம் போய்வரும் மலையில் அதைச் செய்தால், ஒரு நாள் செக்ரோலே சிதைந்து கிடக்கும். எங்களுக்கும் அந்த ஆசை வந்தது. நல்லவேளை, முதலில், டிஸ்க்குகளைச் சேர்த்து நடத்தும் ரெய்ட் கார்டைத் திறந்து பார்த்தோம். பாட்டரி செத்துப்போய், எழுதுவதை வேகப்படுத்தும் ரைட் கேஷைக் கார்டு தானே நிறுத்தி வைத்திருந்தது.