கங்காரு தீவு டன்னார்டை மீட்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2019 டிசம்பரிலும் 2020 ஜனவரியிலும் தென் ஆஸ்திரேலியாவின் கங்காரு தீவில் பரவிய காட்டுத்தீ, தீவின் ஏறத்தாழப் பாதியை எரித்ததோடு, உலகில் அங்கு மட்டுமே வாழும் கங்காரு தீவு டன்னார்ட் என்னும் பைப்பாலூட்டியின் வாழிடத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேலாக அழித்தது. சுண்டெலியை ஒத்த உருவமும் இருபது கிராமை ஒட்டிய எடையும் கொண்ட இந்த இரவாடி, தீக்கு முன்பே ஐந்நூறுக்கும் குறைவாக இருந்ததாக மதிப்பிடப்பட்டிருந்தது.

தீ அணைந்ததும் ஆபத்து முடிந்ததாக எண்ணுவதே முதன்மையான தவறு. மறைவிடங்கள் கருகிய வெற்று நிலத்தில், உயிர் தப்பியவற்றைக் காட்டில் திரியும் வீட்டுப்பூனைகள் எளிதில் வேட்டையாடுகின்றன. தீக்குப் பின் அங்கு பிடிபட்ட 86 பூனைகளின் செரிமானப் பாதையை ஆராய்ந்தபோது, ஏழு பூனைகளிடம் எட்டு டன்னார்டுகளின் எச்சங்கள் கிடைத்தன. இவ்வளவு சிறிய இனத்துக்கு அது பேரிழப்பு. தீவில் நரிகள் இல்லை என்பது ஆறுதல்தான் என்றாலும், அதனால் பூனைகளைப் பற்றி அலட்சியம் கூடாது. ஒரு முறை பொறி வைத்துவிட்டு ஓய்வதும் பயன் தராது, ஏனெனில் காலியான இடத்துக்குச் சுற்றுப்புறப் பூனைகள் வந்துவிடும். ஆகவேதான் தீவின் வெஸ்டர்ன் ரிவர் பகுதியில், எரியாமல் எஞ்சிய புதர்க்காட்டைச் சுற்றி முதலில் சுமார் 14 ஹெக்டேரில் பூனை நுழையா வேலி அமைக்கப்பட்டு, பின்னர் அந்தப் பாதுகாப்பிடம் 369 ஹெக்டேராக விரிவாக்கப்பட்டது.

அடுத்த தவறு உணவு போடுவது. 2020 ஜனவரியில் நியூ சவுத் வேல்ஸில் பாறை வாலபிகள் என்னும் சிறிய கங்காரு இன விலங்குகளுக்காக ஹெலிகாப்டரிலிருந்து கேரட்டும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் கொட்டப்பட்டன. தாவர உண்ணிகளுக்கு அது பொருந்தும். சிலந்திகளையும் பூச்சிகளையும் உண்ணும் டன்னார்டுக்கு அதனால் பயனில்லை. கொட்டிய தீனியைத் தேடி வீட்டெலிகள்தாம் வரும், அவற்றைத் தேடிப் பூனைகள் வரும்.

கருகிய கட்டைகளை அகற்றி நிலத்தைச் சுத்தப்படுத்துவது பார்வைக்கு நல்ல பணியாகத் தோன்றும். ஆனால் உள்ளீடற்ற மரத்துண்டுகளும் புல்மரங்களின் அடியில் தொங்கும் காய்ந்த ஓலைகளும் பதுங்குவதற்கான இடங்கள். அவற்றை விட்டுவைக்க வேண்டும்.

கண்ணில் படவில்லை என்பதால் அழிந்துவிட்டது என்று முடிவெடுப்பதும் பிழையே. டன்னார்டைச் சிறு தடுப்புவேலிகளின் வழியே கேமராவுக்கு முன் வரச் செய்து பல வாரங்கள் காத்திருந்தால்தான் ஓரளவு தெரியும். அந்தப் படங்களிலும் வீட்டெலியை டன்னார்டு என்று மயங்கிக் கணக்கில் சேர்க்க வாய்ப்புண்டு என்பதால், பழகிய கண்கள் மறுபடி சரிபார்த்த பிறகே எண்ணிக்கையை அறிவிக்க வேண்டும்.