கல் பூமியில் கேபர்னே: சனிக்கிழமைப் பாசனம் ஆகாது

ஏலகிரி, ஜவ்வாது மலைப் பக்கம் கல்லும் கரடுமாக நிலம் வாங்கிப் போட்ட சென்னைக்காரர்கள் சிலருக்கு கேபர்னே சாவிஞோன் என்ற ஒயின் திராட்சை மேல் ஆசை வருகிறது. பிரான்சின் மெதோக் சரளை நிலத்தில் பேர் எடுத்த ரகம் என்பதால் கல் பூமி இதற்கு ஒத்துவரும். ஆனால் கல் கொடிக்கு ஊட்டம் தராது. மண்ணுக்கான இடத்தை அடைத்து, நிலம் பிடிக்கும் நீரைக் குறைக்கும். இதை மறப்பதுதான் பெரும்பாலான தவறுகளுக்கு வேர்.

வாரம் ஒருமுறை காரில் போய் வால்வைத் திறந்துவிட்டு வருவதை எடுத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் ஆழச் செம்மண் சுமார் 100 மி.மீ. நீர் பிடிக்கும் என்று வைத்தால், 60 செ.மீ. வேர் ஆழத்தில் பாதி கல் போக மிஞ்சுவது 30. கொடி வாடாமல் உறிஞ்சக்கூடியது அதிலும் பாதி, 15 மி.மீ. கோடையில் தினம் 4 மி.மீ. செலவானால் நாலாம் நாளே பஞ்சம். சனிக்கிழமை எட்டு மணி நேரம் பாய்ச்சினாலும் உபரி நீர் பாறை இடுக்கில் இறங்கிவிடும். டைமர் வைத்த சொட்டுநீர், ஒருநாள் விட்டு ஒருநாள், அளவாக. டைமர் நின்றுபோனால் பார்க்க உள்ளூரில் ஓர் ஆள். இரண்டும் இல்லையென்றால் நடவே வேண்டாம்.

அடுத்தது, லாரியில் வண்டல் கொண்டுவந்து குழியை நிரப்புவது. குழி தொட்டியாகிவிடும், வேர் அதைத் தாண்டாது, மழையில் நீர் கட்டி அழுகும். தோண்டிய மண்ணையே, கால் பங்கு மக்கிய எருவோடு கலந்து போடுங்கள். நடுமுன் ஒரு மீட்டர் குழியில் நீர் நிரப்பிப் பாருங்கள். மறுநாளும் தேங்கி நின்றால் அடியில் தகட்டுப் பாறை, அந்த இடத்தை விட்டுவிடலாம். வறட்சிக்கு 110 ஆர் (110 ரிக்டர்) என்ற ரக வேர்ச்செடியில் ஒட்டிய கன்று நல்லது.

மகாராஷ்டிரத்தின் திராட்சை ஊரான நாசிக்கின் நாள்காட்டியை அப்படியே எடுப்பதும் வினைதான். அக்டோபர் தொடக்கத்தில் காய்ப்புக் கவாத்து (காய் பிடிக்கக் கொடியை வெட்டிவிடுவது) செய்தால், சுமார் 40 நாளில் வரும் பூ இங்கே வடகிழக்குப் பருவமழையில் சிக்கும். அடிச்சாம்பல் என்ற பூஞ்சை நோய் பூங்கொத்தையே கருக்கிவிடும். நவம்பர் கடைசியில் வெட்டினால் ஜனவரியில் பூக்கும். ஏப்ரல் வாக்கில் அறுவடை.

கொத்தைச் சுற்றி இலை கிள்ளுவது கிழக்குப் பக்கம் மட்டும். மேற்கில் கிள்ளினால் மதிய வெயிலில் பழம் வெந்துபோகும்.

சர்க்கரைமானியில் 24 பிரிக்ஸ் (சாற்றின் இனிப்பு அளவு) வந்ததுமே பறிக்காதீர்கள். வெப்பத்தில் இனிப்பு முந்திவிடும், தோல் பின்தங்கும். விதையைக் கடித்துப் பாருங்கள்: பழுப்பாகி நொறுங்க வேண்டும். பச்சையாக இருந்து குடைமிளகாய் வாசமும் அடித்தால் இன்னும் காத்திருக்கலாம்.