பிரெசிஷனா, ஜாஸா? பேஸ் கிட்டாரைத் தேர்ந்தெடுப்பது எப்படி

ஃபெண்டர் நிறுவனத்தின் பேஸ் மாடல்களான பிரெசிஷன் (1951இல் வந்தது), ஜாஸ் (1960) இரண்டுக்கும் ஸ்கேல் நீளம், அதாவது கம்பியின் அதிரும் பகுதியின் நீளம், 34 அங்குலம்தான். வித்தியாசம் முதலில் இடது கைக்குத் தெரியும். கம்பிகளைத் தாங்கும் தலைப்பக்கப் பட்டையான நட்டின் அகலம் ஜாஸில் சுமார் 38 மி.மீ.; பிரெசிஷனில் பெரும்பாலும் 41 முதல் 44. முதல் நான்கு ஃபிரெட்டுகளில் (இடது கை பிடிக்கும் நெக்கின் குறுக்கே உள்ள உலோகப் பட்டைகள்) ஐந்து நிமிடம் விடாமல் வாசியுங்கள். கட்டைவிரலின் அடி வலித்தால் அந்த நெக் உங்கள் கைக்கு ஒத்துவரவில்லை.

ஆம்ப்பில் (ஒலிபெருக்கியில்) எல்லா டோன் குமிழ்களையும் நடுவில் வைத்து, இரண்டையும் ஒரே சத்தத்தில் கேளுங்கள். சத்தம் கூடியதுதான் எப்போதும் நல்லதாகத் தோன்றும். ஒன்றில் புதுக் கம்பி, மற்றதில் பழைய கம்பி என்றால் ஒப்பீடே வீண்.

கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் பிக்கப்கள் ஜாஸில் இரண்டு. பிரிட்ஜ் (கம்பிகளின் கீழ்முனை) பக்கத்து பிக்கப்பை மட்டும் திறந்தால் ஒலி கூர்மையாகும், சிங்கிள் காயில் (ஒற்றைக் கம்பிச்சுருள்) என்பதால் ஹம்மும் (மின் இரைச்சலும்) வரும். இரண்டையும் முழுதாகத் திறந்தால் ஹம் அடங்கும், ஆனால் மிட் (நடுத்தர ஒலி) சற்றுக் குறையும். பிரெசிஷனின் பிளவு பிக்கப்பில் (இரண்டு துண்டாகப் பிரிந்தது) ஹம் தொல்லை இல்லை. டிரம்ஸ், இரண்டு கிட்டார் நடுவே வாசிப்பவருக்கு அதுவே என் பரிந்துரை.