இலையில் லேஸ் கட்டும்போது நடக்கும் தவறுகள்

துணியில் ஒரு தையல் கோணிவிட்டால் பிரித்துவிட்டு மறுபடி போடலாம். ஊசி போன ஓட்டையை நகத்தால் நீவினால் இழைகள் சேர்ந்து மூடிக்கொள்ளும். இலையில் குத்திய ஓட்டை குத்தியதுதான். பதப்படுத்திய இலையின் ஓரத்தில், முடிச்சுகளாலேயே பின்னும் டாட்டிங் லேஸ் வைத்து, நடுவே கொஞ்சம் எம்ப்ராய்டரி போட்டுப் பரிசளிக்க நினைப்பவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை, துணியில் பழகிய கை அதே பழக்கத்தில் ஓடுவதால் வருபவை.

முதல் தவறு ஊசியைத் தொடும் முன்பே நடந்துவிடுகிறது. தரையில் கிடக்கும் சருகு அழகாக இருக்கிறதே என்று எடுத்து கிளிசரினில் போடுகிறோம். இலைக்குள் இருக்கும் தண்ணீரின் இடத்தை கிளிசரின் பிடித்துக்கொள்வதால்தான் இலை நொறுங்காமல் தோல் போல வளைகிறது. ஏற்கெனவே காய்ந்து சுருண்ட சருகு அதை உள்ளே இழுக்காது. தளிரும் வேண்டாம், ஊறலில் குழைந்துவிடும். அன்றைக்கே பறித்த, முற்றிய, தடித்த இலைதான் சரி. பலா இலை, ரப்பர் செடி இலை, வாதாம் இலை எல்லாம் நன்றாக வரும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் பலா இலையைத்தான் சொல்வேன். கைக்கு அடங்கும் அளவு, வெட்டில்லாமல் ஓடும் ஓரம். லேஸ் வைக்க அதைவிட வசதியான இலை எனக்குக் கிடைத்ததில்லை.

மருந்துக்கடையில் கிடைக்கும் கிளிசரின் ஒரு பங்கு, வெந்நீர் இரண்டு பங்கு. இலைகள் மிதக்காதபடி மேலே ஒரு தட்டை வைத்து அழுத்துங்கள். அவசரப்பட்டு மூன்றாம் நாளே எடுத்தால் ஓரம் மட்டும் வளையும், நடு நரம்பின் பக்கம் மொறுமொறுவென்றே இருக்கும். தைக்கும்போது அங்கேதான் விரியும். தடித்த இலைக்கு ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். இலை முழுக்க நிறம் சீராக மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பச்சை அப்படியே நிற்காது, ஆலிவ் நிறத்துக்கோ பழுப்புக்கோ போய்விடும். அதனால் நூலின் நிறத்தை இலை வெளியே வந்த பிறகு முடிவு செய்வது நல்லது. அப்புறம் நன்றாகத் துடைத்து, பழைய பருத்தித் துணிக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகத்தை ஏற்றிச் சில நாள் விட்டுவிடுங்கள். பிசுபிசுப்போடு தைத்தால் லேஸில் கறை ஏறும்.

தையலில் நடக்கும் பெரிய தவறு நெருக்கம். ஓட்டைகள் வரிசையாக நெருங்கி நின்றால், தபால் தலையைக் கிழிப்பது போல அந்தக் கோட்டோடு இலை கிழிந்து வரும். ஓட்டைக்கு ஓட்டை 4 மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும், ஓரத்திலிருந்து 3 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி இருக்க வேண்டும். இலையைத் தெர்மாகோல் மேல் வைத்து, மெல்லிய ஊசியால் எல்லா ஓட்டைகளையும் முதலிலேயே குத்திக்கொள்ளுங்கள். பிறகு நூல் கோக்கும்போது கை தடுமாறாது. ஆறிழை நூலில் இரண்டு இழை போதும். சாட்டின் தையலை, அதாவது ஒட்டி ஒட்டிப் போடும் தையலை, போட்டு இடத்தை நிரப்பும் ஆசையை விட்டுவிடுங்கள். நரம்பின் போக்கிலேயே நீளமாக நாலு தையல் போட்டால், இலையின் கோலமே வேலையைச் செய்துவிடும். ஜரிகை நூல் சொரசொரப்பானது, ஓட்டையை அறுத்துப் பெரிதாக்கும்.

இனி லேஸ். டாட்டிங் வேறு, 19ஆம் நூற்றாண்டில் மிஷனரியின் மனைவி மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் கற்றுக்கொடுத்த லேஸ் வேறு. நாகர்கோவில் லேஸ், தலையணை மேல் பல குச்சிகளில் சுற்றிய நூல்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது. டாட்டிங்கோ, நூல் சுற்றிய ஷட்டில் என்ற சிறிய கருவியால் போடும் முடிச்சுகள், முழுக்க முழுக்க முடிச்சுகள். ஷட்டில் நூல் நேராக நிற்க, விரலைச் சுற்றிய நூல்தான் அதன்மேல் முடிச்சாக விழ வேண்டும். இது மாறி விழுந்தால் வளையம் இழுபடாமல் அப்படியே நின்றுவிடும், பிரிப்பதும் கஷ்டம்.

என் முதல் இலைக்கு லேஸை ஓரத்தின் அளவுக்குச் சரியாகப் பின்னி, துவைக்காமலே தைத்துவிட்டேன். வளைவுகளிலும் நுனியிலும் லேஸின் வெளி ஓரத்துக்கு நீளம் போதவில்லை. இலை மெல்ல மெல்ல உள்பக்கம் வளைந்து தொன்னை போல ஆகிவிட்டது. ஒரு நூலை ஓரத்தைச் சுற்றி வைத்து அளந்துகொண்டு, நுனி திரும்பும் இடத்தில் கூடுதலாக ஒன்றிரண்டு வளையம் சேர்க்க வேண்டும். பின்னி முடித்த லேஸை நனைத்து, குண்டூசி குத்தி, விரித்துக் காயவைத்த பிறகுதான் இலைக்குக் கொண்டுபோக வேண்டும். லேஸ் ஓரத்தில் நிற்கும் சிறு நூல் கண்ணிகளான பிக்கோக்கள் ஒவ்வொன்றையும் தைக்கத் தேவையில்லை, ஒன்று விட்டு ஒன்று பிடித்தால் போதும். இழுத்துக் கட்டாமல், நூல் இலைமேல் படிந்து கிடக்கும் அளவுக்கு விடுங்கள்.

கடைசியில் எல்லாம் நன்றாக வந்து, பரிசைப் பிளாஸ்டிக் கவரில் ஒட்டி மூடிவிடுகிறோம். கிளிசரின் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் அந்தக் கவருக்குள் இலை வியர்த்து, பூஞ்சை பிடித்துவிடும். இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவே, மெல்லிய தாள் சுற்றி வைத்துக் கொடுங்கள். சட்டம் போட்டால் கண்ணாடி இலையைத் தொடாமல் இடைவெளி இருக்கட்டும். வெயில் விழும் சுவரில் மாட்ட வேண்டாம் என்று கையில் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். அட்டையின் பின்பக்கம் மரத்தின் பெயரையும் பறித்த நாளையும் பென்சிலால் எழுதிவையுங்கள். வாங்கிப் பார்ப்பவர்கள் முதலில் கேட்பது, “இது நிஜ இலையா?” என்றுதான்.