பேய்க்கதை: எதைப் படிப்பது, எதைக் கேட்பது

திகில் சிறுகதை பிடிக்காமல் போனால் பல நேரம் குறை கதையில் இருக்காது. பாதியில் வாட்ஸ்அப்பைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பினால் அதுவரை ஏறிய பயம் இறங்கிவிடும், மறுபடி ஏறாது. ஒரே அமர்வில் படித்து முடிக்க முடியாத எழுத்து மனதில் பதியும் ஒருமித்த தாக்கத்தை இழக்கும் என்று அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1846இல் ஒரு கட்டுரையில் எழுதியதும் இதைத்தான். 2,000 சொல் உள்ள கதையைப் படிக்கச் சுமார் 12 நிமிடம் ஆகும். நிதானமான குரலில் கேட்டால் 20 நிமிடம். முதலில் அந்த நேரத்தை ஒதுக்கிவிட்டுக் கதையைத் தொடுங்கள்.

சொல்பவனை நம்பலாமா கூடாதா என்பதிலேயே பயம் இருக்கிற கதையை அச்சில்தான் முதலில் படிக்க வேண்டும். புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' அந்த வகை. சந்தேகம் வந்த வரிக்குத் திரும்பிப் போய் இன்னொரு முறை படிக்கலாம். ஆடியோவில் குரல் அதற்குள் நகர்ந்து போயிருக்கும். வாசிப்பவர் தொடக்கத்திலேயே குரலை நடுங்கவிட்டால் முடிவை அவரே சொல்லிவிட்ட மாதிரி ஆகிவிடும். புதுமைப்பித்தன் எழுத்து நாட்டுடைமை ஆனது, தமிழ் நூல்களை இணையத்தில் தரும் மதுரைத் திட்டத்தின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

முனி, மோகினி, ராத்திரியில் பேர் சொல்லிக் கூப்பிடும் குரல் எல்லாம் வாய்வழி வந்த சரக்கு. காதுக்கே பிறந்தவை. 'டக், டக்' என்று தாளில் அச்சடித்திருந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது.

பழைய மாத நாவல்களும் திகில் தொகுப்புகளும் தேட, சென்னை சென்ட்ரல் பக்கம் மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளுக்குப் போகலாம். வாங்கும் முன் கடைசிப் பக்கங்களைப் பாருங்கள், ஆனால் படிக்காதீர்கள். பக்க எண் விட்டுப்போகாமல் வருகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். பைண்டிங் விட்டுப்போனால் கடைசி ஃபாரம், அதாவது 16 பக்கம், அப்படியே கழன்றிருக்கும். திகில் கதைக்கு அதைவிடப் பெரிய நஷ்டம் கிடையாது. காசிமேடு, திருவொற்றியூர் மாதிரி கடலோரத்து வீடுகளில் நியூஸ்பிரிண்ட் தாள் ஈரம் இழுத்துப் பூஞ்சை பிடிக்கும். சுவரோடு ஒட்டி அடுக்காதீர்கள். மாதம் ஒருமுறை நிழலில் விரித்துக் காற்றாட வையுங்கள்.

படிக்கும்போது கையில் ஒரு போஸ்ட் கார்டு இருக்கட்டும். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் கண் தானாகவே இறுதி வரிக்குத் தாவும், தடுக்க முடியாது. கார்டால் பக்கத்தின் கீழ்ப்பாதியை மறைத்து, பத்தி பத்தியாகக் கீழே இறக்குங்கள். இதைச் செய்தாலே பாதிக் கதைகளின் முடிவு வேறு மாதிரி இறங்கும்.

ஆடியோவில் பெரிய தொல்லை ஒலி அளவுதான். கிசுகிசுப்பு கேட்கவில்லை என்று சத்தத்தைக் கூட்டுவோம், அடுத்த நொடியே ஒரு அலறல் காதைக் கிழிக்கும். அதனால் தொடக்க இசையின் மிக உரத்த இடத்தில் அளவை வைத்துவிட்டு அப்புறம் தொடாதீர்கள். செயலியில் ஒலி அளவைச் சமன்படுத்தும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். கிசுகிசுப்பை முதலில் விழுங்குவது மின்விசிறி, 5இல் ஓடினால் 2க்குக் குறையுங்கள். ஒரு காதில் மட்டும் இயர்பட் போடுகிறவர்கள் போனின் அணுகல்தன்மை அமைப்புகளில் மோனோ ஆடியோவை இயக்க வேண்டும். இல்லையென்றால் இடப்பக்கம் மட்டும் வரும் காலடிச் சத்தம் வலக்காதுக்கு வராமலே போய்விடும். அந்தக் காலடிதான் கதையே என்றால்?

விம்கோ நகரிலிருந்து மெட்ரோவில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. புதுவண்ணாரப்பேட்டை தாண்டி வண்டி சுரங்கத்துக்குள் இறங்கியதும் இரைச்சல் கூடும், மெல்லிய குரலெல்லாம் அதில் கரைந்துபோகும். அங்கே புத்தகமே மேல். எண்ணூர் சாலையில் நடக்கும்போது காதில் கதை போட்டுக் கேட்கவே கூடாது, கண்டெய்னர் லாரி பின்னால் வருவது தெரியாது.

வீட்டில் கேட்பதென்றால் கதையை முன்கூட்டியே தரவிறக்கி, போனை ஃப்ளைட் மோடில் போடுங்கள். அடுத்தது தானாக ஓடும் வசதியையும் அணையுங்கள். கடைசி வரி முடிந்த கையோடு விளம்பரப் பாட்டு வந்தால் கதை செத்துவிடும். இரண்டு நிமிடமாவது அந்த அமைதி அப்படியே இருக்கட்டும்.