மழைக்காலத்துக்கு முன் வீட்டில் செய்து வைக்க வேண்டியவை: தண்ணீர், மின்சாரம், தற்காப்புச் சட்டம்

2015 டிசம்பரில் சென்னை வெள்ளம், 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல், அதே மாதம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கொட்டிய 95 செ.மீ. மழை. தெருவில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். வீட்டில் குடிக்க ஒரு சொம்பு இருக்காது. கரண்ட் போனால் மோட்டார் ஓடாது. சம்ப்புக்குள் வெள்ளம் இறங்கிவிட்டால் அதில் இருக்கிற தண்ணீரும் போச்சு. அதனால் ஐப்பசி பிறப்பதற்கு முன்பே முதலில் கவனிக்க வேண்டியது தண்ணீரைத்தான்.

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று வையுங்கள். நாலு பேர், 5 நாள் என்றால் 80 லிட்டர். அதாவது 20 லிட்டர் கேன் நாலு. கைக்குழந்தையோ பால் கொடுக்கும் தாயோ இருந்தால் இன்னொரு கேன். கை கழுவ, கக்கூஸுக்கு ஊற்ற மாடித் தொட்டித் தண்ணீர் போதும். புயல் எச்சரிக்கை வந்த அன்றே அதை விளிம்பு வரை நிரப்பிவிடுங்கள். நிறைந்த தொட்டியைக் காற்றும் எளிதில் அசைக்காது.

சீல் உடைக்காத கேன்களை வெயில் படாத இடத்தில், தரையில் படாமல் பலகைமேல் வையுங்கள். பெயின்ட், ஆசிட், பூச்சிமருந்து வந்த டப்பாக்களை எத்தனை முறை கழுவினாலும் குடிதண்ணீருக்குத் தொடக்கூடாது. குடம், டிரம் என்றால் இறுக்கமான மூடியும் குழாயும் இருக்கட்டும். கைவிட்டு மொள்ளும் பாத்திரத்தில் எவ்வளவு சுத்தமான தண்ணீரும் இரண்டே நாளில் கெடும்.

டிரம்மில் சேமிப்பவர்கள் அதிகம் தவறுவது கொசு விஷயத்தில். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு தண்ணீரின் நடுவில் முட்டையிடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் கறுப்புப் புள்ளிகளாக ஒட்டி வைக்கும். தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்தாலும் முட்டை காய்ந்தபடி மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மறுபடி நிரப்பினால் பொரிந்துவிடும். ஆகவே மூடியில்லாத பாத்திரத்தை வாரம் ஒருமுறை காலி செய்து, உட்சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் நிரப்ப வேண்டும்.

சந்தேகமான தண்ணீரை வடிகட்டிய பிறகு காய்ச்சுங்கள். நாலாக மடித்த பருத்தித் துணி போதும். தேற்றான் கொட்டையை உரைத்துவிட்டால் கலங்கல் அடியில் படியும். ஆனால் அது தெளிய வைக்குமே தவிர கிருமியைக் கொல்லாது. தளதளவென்று கொதி வந்த பிறகு ஒரு நிமிடம் கொதிக்கட்டும். பெட்ரோல், பூச்சிமருந்து வாடை அடிக்கிற தண்ணீரைக் காய்ச்சியும் பயனில்லை. கேஸ் தீர்ந்துபோனால் குளோரின் மாத்திரை: அட்டையில் எத்தனை லிட்டருக்கு என்று போட்டிருக்கிறதோ அந்த அளவுக்குக் கலந்து அரை மணி நேரம் விடுங்கள். லேசாகக் குளோரின் வாசம் வர வேண்டும்.

தெளிந்த தொட்டித் தண்ணீருக்குப் பிளீச்சிங் பவுடர் என்றால் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம். அப்படியே தூவாதீர்கள். ஒரு வாளியில் கரைத்துப் பத்து நிமிடம் வைத்தால் சுண்ணாம்பு அடியில் தங்கும். மேலே தெளிந்ததை மட்டும் தொட்டியில் ஊற்றி ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்துங்கள். பாக்கெட் பிரித்து நாளாகிக் கட்டிதட்டிய பவுடரில் வீரியம் இருக்காது. கழிப்பறை ஆசிட்டோடு அதைக் கலந்துவிட வேண்டாம், விஷவாயு கிளம்பும்.

வெள்ளம் புகுந்த சம்ப்பை முழுதாக இறைத்து, சேறு வாரி, சுவரைத் தேய்த்த பின் நிரப்பி, 1,000 லிட்டருக்கு 150 கிராம் பவுடர் வீதம் கரைத்து ஒரு நாள் விடுங்கள். எல்லாக் குழாயிலும் குளோரின் வாசம் வரும்வரை திறந்துவிட்டு, மீதியை வெளியேற்றிப் புதுத் தண்ணீர் நிரப்புங்கள். மூடிக்கிடந்த சம்ப்பில் மூச்சுக்காற்று குறைவாக இருக்கும். தனியாக இறங்காதீர்கள். பெட்ரோல் பம்ப்பை உள்ளே இறக்கி ஓட்டவே கூடாது, அதன் புகை ஆளைக் கொன்றுவிடும்.

மின்சாரத்தில் ஒன்றைப் பலர் மறக்கிறார்கள்: மெயினை அணைத்தாலும் இன்வெர்ட்டர் பிளக்குகளுக்குக் கரண்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். தண்ணீர் பிளக் உயரத்துக்கு வரும் முன் இரண்டையும் அணையுங்கள். வந்துவிட்டால் அறைக்குள் கால் வைக்காதீர்கள். கேஸ் ரெகுலேட்டரை மூடி, சிலிண்டரை ஜன்னல் கம்பியோடு சேர்த்துக் கட்டுங்கள். நிறைந்த சிலிண்டர் ஏறக்குறைய 30 கிலோ, அது இடம்பெயர்க்கும் தண்ணீர் சுமார் 35 லிட்டர். அதனால் காலி மட்டுமல்ல, நிறைந்ததும் மிதந்து ரப்பர் குழாயைப் பிடுங்கிவிடும்.

இனி, கரண்ட் போன இருட்டில் யாராவது வீட்டுக்குள் புகுந்தால் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 2024 ஜூலை 1 முதல் தற்காப்பு உரிமை, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் இருக்கிறது. உங்கள் உடலையும் உடைமையையும், பிறருடையதையும்கூடக் காக்கலாம். உயிர்போகும் அளவுக்குத் தாக்க அனுமதிப்பது குறிப்பிட்ட சில நிலைமைகளில்தான்: உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நியாயமான அச்சம், பாலியல் வன்முறை, ஆள்கடத்தல், ஆசிட் வீச்சு, கொள்ளை, வீட்டுக்குத் தீ வைப்பு, சூரியன் மறைந்து உதிப்பதற்குள் வீட்டை உடைத்து நுழைதல் போன்றவை. அப்போதும் தேவைக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது. போலீஸ் உதவி பெற நேரம் இருந்தால் அந்த உரிமையே இல்லை. 37ஆம் பிரிவு சொல்வது இது. மழைக்கு ஒதுங்கித் திண்ணையில் ஏறியவர் வீட்டை உடைத்தவர் ஆகமாட்டார். அவரை அடித்தால் வழக்கு உங்கள்மேல்தான்.

வீடு பூட்டிப் போகும்போது கேட்டுக்கோ வேலிக்கோ கரண்ட் கொடுத்துவைக்க வேண்டாம். கழிப்பறைக்குப் போகும் வழியில் மின்கம்பி கட்டி, நுழைந்தவர் இறந்த ஒரு பீகார் வழக்கில் கம்பி கட்டியவரின் தண்டனையை உச்ச நீதிமன்றம் அறுபதுகளிலேயே உறுதி செய்தது. நல்ல தாழ்ப்பாள், பேட்டரி விளக்கு, குரல் கொடுத்தால் வரும் பக்கத்து வீட்டார்: இவை போதும். உள்ளே ஆள் இருப்பது தெரிந்தால் ஓர் அறையில் எல்லோரும் அடைத்துக்கொண்டு 112ஐ அழையுங்கள்.

கண்ணெதிரே வீட்டை உடைத்தவனைப் பிடித்து வைக்கச் சட்டம் இடம் தருகிறது, ஆனால் 6 மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைத்தாக வேண்டும். கட்டி வைத்து அடித்தால் அது தற்காப்பு ஆகாது. தற்காப்புக்காகச் செய்தேன் என்பவர்தான் அதைக் காட்ட வேண்டும். ஆகவே உங்களுக்குக் காயம் பட்டிருந்தால் அன்றே அரசு மருத்துவமனையில் காட்டி காயத்தைக் குறித்து வைக்கும் விபத்துப் பதிவேட்டின் நகல் கேட்டு வாங்குங்கள். உடைந்த பூட்டைப் போட்டோ எடுத்து வைத்து, போலீஸ் வந்து பார்க்கும்வரை கழற்றாதீர்கள்.