கிணற்று நீரை விளையாட்டாக்குவது எப்படி?

பாடம் கற்பிக்கும் விளையாட்டுப் பலகையை வரைவதற்கு முன், விளையாடி முடித்த மாணவர் எதை விளக்கக்கூடியவராக இருக்க வேண்டும் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதியின் தரம் 9 மாணவருக்காக நான் எழுதியது: "அளவுக்கு மீறி இறைத்த கிணறு வற்றுமுன்பே ஏன் உவராகிறது என்பதை விளக்குவர்."

அடுத்து, அந்த வாக்கியத்துக்கு அடியிலுள்ள காரணத்தை விளையாட்டின் விதியாக்குங்கள். யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு இல்லை. மாரி மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, அடர்த்தி கூடிய கடல்நீரின் மேல் மிதக்கிறது. இந்த அடர்த்தி வேறுபாட்டால், நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை நிற்கும் என்பது கோட்பாடு. ஆகவே விளையாடும் நால்வருக்கும் பொதுவாக ஒரு கிண்ணத்தில் நன்னீருக்குப் பதிலாக 10 புளியங்கொட்டைகளையும், பலகையில் 40 கட்டங்களையும் வைத்தேன். வெங்காயப் பயிருக்கு ஒரு கொட்டை எடுத்தால், நன்னீரும் கடல்நீரும் சந்திக்கும் எல்லையான உவர்க்கோடு நான்கு கட்டம் ஏறும். மழை அட்டை வந்து ஒரு கொட்டை திரும்பினால் நான்கு கட்டம் இறங்கும். கோடு கிணற்றின் அடியைத் தொட்டால் நால்வரின் பயிரும் கருகும்.

கணினிக்குப் போகாமல் முதலில் காகிதத்திலேயே சோதியுங்கள், ஏனெனில் விதியிலுள்ள ஓட்டை அங்கேதான் மலிவாக வெளிப்படும். என் முதற்பலகையில் புள்ளியை விளையாட்டின் ஒவ்வொரு மாத முடிவிலும் எண்ணினேன். கொட்டைகளைக் கைக்குள் பொத்திக்கொண்டு ஒரு மாணவன், "சேர், முந்தி இறைச்சவன்தானே வெண்டவன்?" என்றான். நான் கற்பிக்க நினைத்ததற்கு நேர்மாறானதை விளையாட்டு செம்மையாகக் கற்பித்திருந்தது! அதன்பின் 12ஆம் மாத முடிவில், கருகாமல் நின்ற பயிருக்கு மட்டுமே புள்ளி என மாற்றினேன்.

மதிப்பிடும்போது "பிடித்ததா?" என்ற கேள்வியோடு நின்றுவிடாதீர்கள், சிரித்து விளையாடியவரெல்லாம் கற்றவராக இருக்கவேண்டியதில்லை. ஒரே தரத்திலான வினாக்களை விளையாட்டுக்கு முன்னும், பின்னும், மூன்று வாரம் கழித்தும் கொடுங்கள். நூற்றுக்கு முன்சராசரி 40, பின்சராசரி 70 எனில், கூடிய 30ஐ, கூடியிருக்கக்கூடிய 60ஆல் வகுக்க 0.5 வரும், தொடக்கநிலை வேறுபட்ட வகுப்புகளை ஒப்பிட இந்த எண் உதவும்.

பலகையில் இல்லாத வினா ஒன்றும் கட்டாயம் வேண்டும். யாழ்ப்பாணத்தின் ஆழமான நிலாவரைக் கிணற்றின் மேல்நீர் நன்னீராயிருக்க, ஆழத்து நீர் ஏன் உவர்க்கிறது என்று கேட்டேன். நன்றாக விளையாடிய பலரும், அங்கிருந்து கடற்கரையிலுள்ள கீரிமலைக்குச் சுரங்கம் இருக்கிறது என்ற ஊர்க்கதையையே எழுதினர். ஆதலால் அடுத்த வகுப்பில் விளையாட்டின் பின்னான கலந்துரையாடலை 10 நிமிடத்திலிருந்து 20 ஆக்கி, பலகையை மேசையிலிருந்து அகற்றாமல், உவர்க்கோட்டில் விரலை வைத்தபடி அவர்களையே விளக்கச் செய்தேன்.